இரண்டாவது கை

போர்மேனின் வேலைக் கால்சட்டையில் நாலு பை. மூன்று கடையிலேயே வைத்துத் தைத்தவை. நாலாவது, வலது தொடையின் மேல், மூடியும் பொத்தானுமாக அவர் மனைவி தைத்துக் கொடுத்தது.

அந்த நாலாவது பைக்கு ஒரே வேலைதான். மின்வாரிய சப்ஸ்டேஷன் யார்டில் அவர் எதைக் கழற்றினாலும் அதன் போல்ட் அந்தப் பைக்குள் போகும். திரும்ப மாட்டும்போது அங்கிருந்துதான் வெளியே வரும். தீப்பெட்டி, சில்லறை, சாவி எதற்கும் அதில் இடமில்லை. பையில் கனம் இருக்கும்வரை அவர் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கமாட்டார். நடந்தாலும் குனிந்தாலும் தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும், மறக்க முடியாது. அதற்காகவே அந்த இடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கால்சட்டைகள் கிழிந்து மாறின. ஒவ்வொன்றிலும் அந்தப் பை ஏறிவிடும்.

துவைக்கப் போடும்முன் பைகளைத் துழாவுவது அவள் பழக்கம். மற்ற மூன்று பைகளிலும் என்னென்னவோ கிடைத்திருக்கிறது. பாதி கடித்த மிட்டாய்கூட ஒருமுறை கிடைத்தது. அது மகள் போட்டது. நாலாவது பையில் மட்டும் எதுவும் கிடைத்ததே இல்லை.

அன்று மத்தியானம் அதில் மூன்று போல்ட் இருந்தன.

தெருவில் அவளுக்குத் தையலக்கா என்று பெயர். முன்னறையில் மோட்டார் வைத்த மெஷினும் வெட்டு மேஜையும் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பவள். வாளித் தண்ணீரில் ஒரு கையும், கால்சட்டையில் ஒரு கையுமாகக் கொல்லைப்புறத்தில் குந்தியிருந்தவள், அந்த மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கட்டை விரல் நீளம். கழுத்தில் நட்டும் வாஷரும் அப்படியே இருந்தன. கழற்றியதும் நட்டை அதன் போல்ட்டிலேயே திருகி வைப்பது அவர் முறை.

நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். மேற்கே, தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், வானம் அடுப்புக்கரி பூசிய சட்டி மாதிரி இருந்தது. காற்று நின்றுபோயிருந்தது. கொடியில் கிடந்த துணி ஒரு நூல்கூட அசையவில்லை.

உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதுதான் பெரிய விஷயம். மகள் போய் நாற்பத்து மூன்று நாள். பதினோரு வயது. ஒன்பது நாள் காய்ச்சல், அதில் ஆறு நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு அவர் படுத்ததுண்டு, கண் மூடியதில்லை. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம், அதுவும் எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்ப்பார். இன்றைக்குத்தான் முதல் நாள் வேலைக்குப் போனார். அரை நாளிலேயே இன்ஜினியர், "போதும், முதல் நாள்தானே, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். வந்தவர் உடை மாற்றிப் படுத்தார். படுத்த நிமிஷமே குறட்டை. அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே அவள் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அந்த வீட்டில் நாற்பத்து மூன்று நாளாக யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை, தட்டு வைப்பார்கள். அவள் அடுப்பில் டீ போடுவதை நிறுத்தியிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் எதிலோ போய் இடித்துவிடும் என்று இருவருக்கும் பயம். வருகிற சொந்தமும் அப்படித்தான், வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஆனால் இன்று காலையில் கிளம்பும்போது அவராக ஒரு வாக்கியம் பேசினார். "இன்னிக்கு அரெஸ்டர் கவுண்டர் மாத்தறோம். மூணுலயும் தண்ணி இறங்கிடுச்சு." அதனால் அவளுக்கு அது அப்படியே நினைவிருந்தது. அதனால் அந்த மூன்று போல்ட் எதனுடையது என்றும் தெரிந்துவிட்டது.

அரெஸ்டர் என்றால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருஷம் மகள் வெட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "இடி விழுந்தா உங்க டிரான்ஸ்பார்மர் செத்துடுமாப்பா?" என்று கேட்டாள். அவர், துணிக்கு அளவு வரையும் பழுப்புக் காகிதத்தை இழுத்துப் போட்டுப் படம் வரைந்தார்.

"டிரான்ஸ்பார்மர் மேல ஒரு தகடு இருக்கு பாப்பா. அதுல ரெண்டு நம்பர். ஒண்ணு எழுபது. எழுபதாயிரம் வோல்ட்ட ஒரு நிமிஷம் நின்னு தாங்கும்னு அர்த்தம். இன்னொண்ணு நூத்தெழுபது. அது கண்ணிமைக்கறதுக்குள்ள வந்து போற அடி. இடி லைன்ல விழுந்தா வர்ற அடி. நின்னு தாங்கறது வேற, திடீர்னு விழறதத் தாங்கறது வேற. அதான் ரெண்டு நம்பர்."

"நூத்தெழுபதுக்கு மேல வந்தா?"

"அதுக்குத்தான் பக்கத்துலயே இந்தக் கம்பம். அரெஸ்டர். சும்மா இருக்கறப்ப மரக்கட்டை மாதிரி நிக்கும். பெரிய அடி வந்தா அதத் தானே வாங்கி, அடியில போல்ட் போட்டு மாட்டியிருக்கற வயர் வழியா மண்ணுக்குள்ள விட்டுடும். டிரான்ஸ்பார்மர் வரைக்கும் விடாது. எத்தனை அடி வாங்குச்சுன்னு எண்ணறதுக்கு அந்த வயர்ல ஒரு குட்டி கவுண்டர்."

"எங்க மிஸ் பீரியட் பூரா திட்டறது எழுபது. அம்மா திடீர்னு ஒண்ணு வைக்கறது நூத்தெழுபது. நீதான்ப்பா எனக்கு அரெஸ்டர்."

அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மேஜையே ஆடியது.

தையலக்கா போல்ட்டை மூடிய கையோடு உள்ளே வந்தாள். எழுப்பலாமா? குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் மெதுவாகப் பின்வாங்கி, மெஷின் மேஜைமேல் போல்ட்டை வைத்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி அவள் கூடப்பிறந்தவன். அதே சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர், இன்றைக்கு இரவு எட்டு மணிவரை அவன்தான் டூட்டி.

"என்னக்கா, மாமா தூங்கறாரா?"

"தூங்கறாரு. டேய், அவரு பையில மூணு போல்ட்டு இருக்குடா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கேக்குதா? அந்தப் பையில."

"கேக்குது." குரல் இறங்கிவிட்டது. "நல்லா பாத்தியா? பழசா இருக்கப் போவுது."

"நட்டு திருகி வச்சிருக்கு. நான் என்ன இன்னிக்கா அந்தப் பையப் பாக்கறேன்? காலைல லைன் குடுக்கறதுக்கு முன்னாடி நீ இழுத்துப் பாக்கலயாடா?"

லைன் குடுப்பது என்றால் மின்சாரம் விடுவது. அதற்குமுன் இழுத்துப் பார்ப்பது அந்த ஸ்டேஷனின் இன்னொரு முறை. ஒருவர் முடுக்கினால் இன்னொருவர் வந்து, "முடுக்கியாச்சா?" என்று வாயால் கேட்டு, கையால் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதை இரண்டாவது கை என்பார்கள். போர்மேன் கொண்டுவந்த முறைதான் அது.

"பாக்கலக்கா" என்றான் தம்பி. "மாமா ஏணிய விட்டு இறங்கி அப்படியே நின்னுட்டிருந்தாரு. கண்ணு வேற எங்கயோ இருந்துச்சு. அவருகிட்ட போய், முடுக்கிட்டீங்களான்னு எப்படிக்கா கேப்பேன்? இருபத்திரண்டு வருஷ ஆளு. அதுவும் இப்ப. கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"வயர் தொங்கறது கண்ணுக்குத் தெரியாதா?"

"கீழ விழக்கூடாதுன்னு நாடா வச்சு அடியில கட்டியிருப்பாரு. தூரத்துல பாத்தா மாட்டின மாதிரிதான் இருக்கும். காலைலேருந்து பொரியற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. ஈரக்காத்துன்னு நெனச்சேன்."

"இப்ப என்னடா பண்றது? மேக்க கருத்துட்டு வருது."

"நீ மாமாவ எழுப்பாத. இன்ஜினியருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், போன வாட்டி பக்கத்து ஸ்டேஷன்ல இதே மாதிரி ஒண்ணுக்கு ஆளையே தூக்கிட்டாங்க. இங்க டப்பால போல்ட்டு கெடக்கு. அடி போல்ட்டுதானே, மண்ணுப் பக்கம். பத்து நிமிஷ வேலை. நான் பாத்துக்கறேன். வை."

வைத்துவிட்டான்.

அவளுக்கு மூச்சு வந்தது. தம்பி பார்த்துக்கொள்வான். அவர் எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலே விட்டாலும் ஆச்சு. கொல்லைக்குப் போய்க் கால்சட்டைக்குச் சோப்புப் போட்டாள். முட்டியில் கிரீஸ். அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மேற்கே ஒருமுறை வெளுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, பீப்பாயை உருட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

குறட்டை நின்றது.

அவள் ஈரக்கையோடு உள்ளே ஓடியபோது அவர் மெஷின் மேஜைமுன் நின்றிருந்தார். மூன்று போல்ட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார், தொடவில்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"உங்க பையில."

வலது கை தானாகத் தொடைக்குப் போனது. வீட்டு வேட்டிதான் அங்கே இருந்தது. "மாட்டினேனே" என்றார். "மாட்டினேன்... இல்ல." கண்ணை மூடினார். "கவுண்டர் கண்ணாடிய தொடச்சேன். பூஜ்யம் வச்சேன். அப்புறம் என்ன பண்ணேன்?"

"விடுங்க. தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவன் மாட்டிடுவான். பத்து நிமிஷம்னான்."

அவர் மெதுவாகத் திரும்பினார். அந்த முகத்தை அவள் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

"லைன எடுத்துட்டு, கரண்ட நிறுத்திட்டு மாட்டறேன்னானா?"

"அதெல்லாம் சொல்லல. மண்ணுப் பக்கம்தானேன்னான்."

"போட்டிருந்தாத்தான் அது மண்ணுப் பக்கம்!" கத்திவிட்டார். நாற்பத்து மூன்று நாளில் அந்த வீட்டில் முதல் சத்தம். "போல்ட் இல்லன்னா அந்த அடி மேல் லைனோட சேந்தது. சும்மா இருக்கறப்ப சுருக்குன்னு கடிச்சு விட்டாலும் விட்டுடும். அது பழைய அரெஸ்டரு, உள்ள ஈரம் இறங்கியிருந்தா ஆளையே முடிச்சிடும். அதெல்லாம் விடு, இப்ப லைன்ல எங்கயாவது ஒரு இடி எறங்கினா? அவன் ஒரு கை வயர்லயும் ஒரு கை அடியிலயும் வச்சிருப்பான். நடுவுல போல்ட் எங்க இருக்கு? அவன்தான் போல்ட்டு."

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. யார்டுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அறை மேஜையில் வைத்துவிட்டுத்தான் போயிருப்பான். ஸ்டேஷனின் மேஜைப் போனுக்கு அடித்தாள். ஆளில்லாத அறையில் அது அலறுவது இங்கேயே கேட்பது போலிருந்தது. வண்டியில் போனால் பன்னிரண்டு நிமிஷம்.

போர்மேன் அவள் கையிலிருந்து போனை வாங்கினார். மனப்பாடமாக இருந்த ஒரு நம்பரை அழுத்தினார். மேல் ஸ்டேஷன். இந்த ஊர் சப்ஸ்டேஷனுக்கு மின்சாரம் அங்கிருந்துதான் வருகிறது, அங்கே சுவிட்சைத் திருகினால் இங்கே எல்லாம் நிற்கும். அங்கே டூட்டியில் இருந்தவருக்குக் கமா என்று பட்டப்பெயர். சொல்கிற சேதியில் கமா ஒன்று விட்டுப்போனாலும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். இருபது வருஷமாகக் குரல் பழக்கம், முகம் பார்த்ததில்லை.

"கமா, நான் கீழ் ஸ்டேஷன் போர்மேன். எங்க லைன எடுத்துடு. இப்பவே."

"யாரு, போர்மேனா? வேலைக்கு வந்துட்டியாப்பா? கேள்விப்பட்டேன், எனக்கு என்ன சொல்றதுன்னே..."

"கமா, லைன எடு!"

"இது வீட்டு நம்பராச்சே. லைன் எடுக்கணும்னா ஸ்டேஷன் போன்லேருந்து கேக்கணும். அனுமதி நம்பர் என்ன?"

"நம்பர் இல்ல. யார்டுல ஆள் இருக்கான்."

"லைன் இருக்கறப்ப யார்டுல எப்படி ஆள் இருப்பான்? யாரு அனுப்பினது? ஆஸ்பத்திரி, தண்ணி மோட்டார் எல்லாம் அந்த லைன்லதான் ஓடுது. காரணம் இல்லாம எடுத்துட்டு நாளைக்கு நான் என்னன்னு எழுதுவேன்?"

போர்மேன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். இன்ஜினியருக்குத் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று தம்பி நினைத்தது எதற்காக என்று அவருக்குத் தெரியாதா? இந்தப் போனில் ஒரு வாக்கியம் சொன்னால் அது மேல் ஸ்டேஷன் புத்தகத்தில் ஏறும். ஏறினால் அழியாது.

"எழுதிக்கோ" என்றார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்ல எழுதுவார்களே, அந்த வேகத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அரெஸ்டர் மூணோட அடி போல்ட்டையும், கழட்டினது நான். திரும்ப மாட்டல. மாட்டினதா கையெழுத்துப் போட்டு, லைன் வாங்கினேன். அதச் சரிபண்ண, ஆபரேட்டர் இப்ப யார்டுல, கரண்ட் இருக்கற லைன்ல கை வைக்கப் போறான். தப்பு என்னோடது." தன் முழுப் பெயரையும் சொன்னார்.

பேனா காகிதத்தில் கீறுவது கேட்டது.

"திரும்பப் படிக்க..." என்று கமா ஆரம்பித்தார். பிறகு, "அப்புறம் படிக்கறேன்" என்றார்.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் அண்ணாந்து அதையே பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்குமா, அதுகூட இருக்காது. மெஷின் விளக்கு பட்டென்று அணைந்தது. விசிறி வேகம் குறைந்து, இறக்கை இறக்கையாகத் தெரிய ஆரம்பித்து, நின்றது. மாவு மில்லும் எதிர்வீட்டுப் பாட்டும் நின்றன. தெருவே ஒருமுறை "ச்சே!" என்றது.

நின்றது சரி. நேரத்துக்கு நின்றதா என்பதை அந்த விசிறி சொல்லவில்லை.

அவர் வேட்டியோடு வண்டியை உதைத்தார். அவள் மூன்று போல்ட்டையும் கைக்குள் இறுக்கிப் பின்னால் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தபோது ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியிருந்தது. அந்தக் கட்டடத்தைப் பார்க்காமலிருக்க அவள் இந்த நாட்களில் சுற்றுவழியாகத்தான் போய்வந்தாள். இன்று பார்த்துக்கொண்டே போனாள். தம்பி சின்ன வயதில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். "வை" என்று அவன் சொன்னதும் வைத்துவிட்டேனே என்ற ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. எழுப்பாதே என்றான், நானும் எழுப்பவில்லை. மின்னல் வெளுக்கும்போதெல்லாம் போர்மேன் வாய்க்குள் எண்ணுவது அவர் முதுகில் அவளுக்குத் தெரிந்தது. இருபத்தைந்தில் இடி வந்தது. அடுத்தது இருபத்திரண்டில்.

சப்ஸ்டேஷன் வாசல் திறந்தே கிடந்தது. வழக்கமாக வாசலிலேயே காதில் ஏறும் டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் இல்லை. யார்டு அமைதியாக இருந்தது. ஜல்லிக்கற்கள் மேல், இரண்டாவது அரெஸ்டர் கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியில் ஆள் இல்லை.

"டேய்!" என்றாள் அவள்.

"இங்கதான்க்கா."

முதல் கம்பத்தின் நிழலில், ஜல்லியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். கையில் ரப்பர் உறை, மடியில் ஸ்பேனர்.

"முதல் ஒண்ணு மாட்டிட்டேன் மாமா" என்றான். "சுருக்குன்னு இழுத்துச்சு. உறையோட இருந்ததால ஒண்ணுமில்ல. ஏணிய ரெண்டாவதுக்கு மாத்திட்டு ஏறப் போறேன், பின்னாடி டப்புனு ஒரு சத்தம். என்னன்னு திரும்பறேன், மொத்த ரீங்காரமும் நின்னுடுச்சு. அப்பத்தான் உக்காந்தேன்."

போர்மேன் அவனிடம் போகவில்லை. முதல் கம்பத்தடிக்குப் போய், காலையில் தன் கையாலேயே பூஜ்யம் வைத்துப் பூட்டிய புதுக் கவுண்டரைக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். தையலக்காவும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஒரு சின்ன வெள்ளைத் தகட்டில் கறுப்பாக இருந்தது: ஒன்று.

அவன் அதிலிருந்து கையை எடுத்ததற்கும் கமா லைனை எடுத்ததற்கும் நடுவில், எங்கோ விழுந்த ஓர் அடி அந்த வழியாக இறங்கிப் போயிருக்கிறது.

போர்மேன் நிமிர்ந்து வந்தார். மச்சினனின் கன்னத்தில் பளார் என்று ஓர் அறை விட்டார். அதே கையால் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார், பிறகு விடவே இல்லை.

"ஏன்டா என்னைக் கேக்கல?"

"எப்படி மாமா கேக்கறது? நீங்க இருந்த இருப்புல..."

"கேட்டிருக்கணும் மாப்ள."

"கேட்டா உடஞ்சிடுவீங்களோன்னு பயம்."

"உடஞ்சா உடையறேன். கேளுடா. நானே போட்ட விதி அது."

மேற்கே வெளுத்தது. அவர் இருபதுவரை எண்ணினார். "நேரமில்ல" என்று சட்டையை விட்டார்.

மீறி மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும்படி லைனுக்கும் மண்ணுக்கும் இணைப்புக் கம்பியை மாட்டினார்கள். தம்பி ஏணியைப் பிடித்துக்கொள்ள, போர்மேன் வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். முதல் கம்பத்தில் தம்பி போட்டிருந்ததைப் பார்த்து, "டப்பா போல்ட்டா? நீளம் பத்தாது" என்று கழற்றிக் கீழே போட்டார். கையைப் பின்னால் நீட்டினார். தையலக்கா வியர்த்துச் சூடாகியிருந்த ஒரு போல்ட்டை அதில் வைத்தாள். முடுக்கினார். அடுத்த கம்பம், அடுத்த போல்ட். மூன்றாவது முடிந்தபோது அவள் உள்ளங்கையில் மரையின் தடம் மட்டும்தான் இருந்தது.

இறங்கியதும் தம்பியைப் பார்த்தார். "இழுத்துப் பாரு."

தம்பி கையை நீட்டினான். உறையைக்கூடக் கழற்ற முடியவில்லை. "முடியல மாமா."

போர்மேன் திரும்பி மனைவியைப் பார்த்தார். "நீ ஏறு."

"நானா?"

"லைன் இல்ல, மண்ணும் போட்டாச்சு. வயரப் புடிச்சு நல்லா இழு. தச்சு முடிச்ச நாடாவ இழுத்துப் பாக்கற மாதிரி. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். பின்னல் வயர் குளிர்ந்து கனமாக இருந்தது. இழுத்தாள். அசையவில்லை. இருந்தாலும் இறங்காமல், மேலிருந்தே அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"முடுக்கிட்டீங்களா?"

"முடுக்கிட்டேன்."

மற்ற இரண்டிலும் ஏறினாள், இழுத்தாள், கேட்டாள். கேட்கக் கேட்க அவர் முகத்தில் என்னவோ இளகிக்கொண்டு வந்தது.

"மூணுமா?"

"மூணும்."

இணைப்புக் கம்பியைக் கழற்றி, ஏணியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூவரும் அறைக்குள் போனபோது முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. மேஜைப் போன் அடித்துக்கொண்டிருந்தது. கமாதான்.

"ஆள்?" என்றார்.

"இருக்கான்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. பிறகு பழைய கமா வந்துவிட்டார். "இப்பத் திரும்பப் படிக்கறேன். தப்பிருந்தா சொல்லு." காலையில் கழற்றியதிலிருந்து, "தப்பு என்னோடது" வரை, ஒரு சொல் விடாமல் படித்தார். போர்மேன் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார்.

தம்பி போனுக்குப் பக்கத்தில் வந்து, "சார், என் பேரையும் சேருங்க. இரண்டாவது கை இழுத்துப் பாக்கல" என்றான்.

"அது உன் ஸ்டேஷன் புத்தகத்துல எழுது தம்பி. என் புத்தகத்துல எனக்குச் சொன்னதுதான் இருக்கும். லைன் தரட்டுமா, இல்ல ராத்திரி பூரா ஆஸ்பத்திரிக்காரன்கிட்ட நான் திட்டு வாங்கட்டுமா?"

லைன் வந்தது. ரீங்காரம் எழுந்து நிலைக்கு வந்தது. தம்பி ஸ்டேஷன் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினான். அந்த வரிகளுக்கு அவனுக்கு ஒரு மெமோவும், கமா எழுதிய வரிகளுக்குப் போர்மேனுக்கு மூன்று மாத சஸ்பென்ஷனும் வந்தன. அதற்குப் பிறகு அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். யார்டில் நின்று "எடு", "கொடு" என்று சொல்கிற வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. நாலாவது பை வைத்த கால்சட்டை ஒன்று கடைசிவரை ஆணியில் தொங்கியது. தன்னைக் காட்டிக்கொடுத்தது கமாவின் பேனா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கமா ஓய்வு பெற்ற அன்று முதல் முறையாக நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்ல, குட்டையா இருக்கான்" என்றார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் இன்ஜினியர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியே மழை கொட்டியது. இடிமேகம் நேர் மேலே வந்துவிட்டது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் மூவரும் ஜன்னலைப் பார்ப்பார்கள், பிறகு ரீங்காரம் மாறுகிறதா என்று கேட்பார்கள். அது மாறவில்லை. தம்பி பின்பக்கம் ஹீட்டரில் டீ வைக்கப் போனான்.

அவளும் அவரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"ஏங்க."

"ம்."

"கடைசி அன்னிக்கு, ஆஸ்பத்திரியில, நான் கீழ டீ வாங்கப் போனேன்ல. நான் வர்றதுக்குள்ள. பாப்பா ஏதாவது பேசினாளா?"

வெளியே வெளுத்தது. சத்தம் உடனே வந்தது, கதவு அதிர்ந்தது. அவர் எண்ணவில்லை.

"பேசினா" என்றார்.

அவள் பெஞ்சில் அவர் பக்கம் திரும்பினாள்.

"பேன் சத்தம் போடுதுன்னா. நிறுத்தட்டுமான்னேன். வேணாம், ஓடட்டும்னா. அப்புறம் அம்மா எங்கன்னு கேட்டா. டீ வாங்கப் போயிருக்கான்னேன்." அவர் உதடு கோணியது, நேராக்கிக்கொண்டார். "எனக்கும் ஒரு வாய் வேணும், அம்மாகிட்ட சொல்லுன்னா. நல்லா தெளிவாத்தான் சொன்னா. நான் உன்கிட்ட சொல்லவே இல்ல."

"நான் கேக்கவே இல்லயே."

"கொண்டுவந்த டீய அப்படியே கீழ ஊத்திட்டே. அதான் அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு..."

தம்பி மூன்று டம்ளரோடு வந்தான். இருவர் முகத்தையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுத் திரும்பியவன், வாசல்வரை போய் நின்றான். மறுபடி வந்தான்.

"என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டான்.

"உக்காரு, சொல்றேன்" என்றாள். தன் டம்ளரை எடுத்தாள். ஆறியிருக்கவில்லை.